கீழ்த்தளத்தில் பன்னிரண்டு வீடு

மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே உன் சித்தியிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன். என் முழங்காலைப் பற்றி மட்டும் அவள் சொன்னதை நம்பாதே. அவள் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடவே வலிக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போன் அவள் கையில் அல்லவா இருக்கிறது. இருவருக்கும் சேர்த்துத்தான் வாங்கி அனுப்பினாய், ஆனால் பார்சலின் மேல் இருந்தது அவள் பெயர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், அந்தப் பெயரைப் படிக்க அது போதுமாக இருந்தது. நீங்கள் பேசி, சிரித்து, பிள்ளைகளும் பேசி முடித்த பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு என் வாசலுக்கு வருவாள். அக்கா, இந்தாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க என்பாள். அதற்குள் போன் சூடாகிவிடும், நீ களைத்துப்போயிருப்பாய். சரி, அது போகட்டும்.

எழுத வந்த சங்கதி வேறு. நம் வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். பயப்படாதே, தெருவில் விடவில்லை. பின்னால் பழைய பஸ் டிப்போ சும்மா கிடந்ததே, அந்த இடத்தில் நகரத் திட்ட அலுவலகம் வீடு கட்டுகிறது. நான்கு மாடி, அறுபது வீடு. நம்மைப் போலக் கூலிக்காரர்கள் கட்டக்கூடிய வாடகை, அதையும் யாரும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதாம். செலவு கூடும் என்று லிப்ட் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் இருக்கிற பன்னிரண்டு வீடும் வயதானவர்களுக்கு. வயதில் மூத்தவர் முதலில் என்று கணக்கு.

இதற்கெல்லாம் பொறுப்பு ஒரு பெண். எந்நேரமும் அளவு டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிறாள், வரிசையில் எல்லோரும் டேப் பொண்ணு என்றே கூப்பிடுகிறோம். போன மாதம் இவள் ஒரு காரியம் செய்தாள். பள்ளிக்கூட மைதானத்தில், ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடுகிற வெள்ளைப் பொடியால், வரப்போகிற வீட்டை அதே அளவில் தரையில் வரைந்துவிட்டாள். இது கூடம், இது சமையலறை, இது படுக்கிற அறை, உள்ளே வந்து நடந்து பார்த்துக் குறை சொல்லுங்க என்றாள். நாற்பது பேர் சுவரில்லாத வீட்டுக்குள் நுழைந்தோம். தையல்காரர் பேச்சு மும்முரத்தில் கோட்டின் மேல் நின்றுவிட்டார். யோவ், சுவத்துல ஏறி நிக்கிறீரே, இறங்கும் என்று ஒரே கூச்சல். அவரும் குதித்து இறங்கினார் என்றால் பார்த்துக்கொள்.

படுக்கிற அறை போதாது என்று முதலில் கண்டுபிடித்தது நான். மனதில் ஒரு கட்டிலைப் போட்டுப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்னவள், அதுதான் உன் சித்தி, அவள் காதில், இந்த அறையில் மனுஷி கால் நீட்ட முடியாது என்று சொன்னேன். மரியாதைக்காக மெதுவாகத்தான் சொன்னேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வயதில், அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்தாள். பாருங்கம்மா, என் கால் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு, நாளைக்கு அவங்க என்கிட்ட வாடகை கேப்பாங்க என்றாள். மைதானமே சிரித்தது. டேப் பொண்ணு அங்கேயே காலால் கோட்டை அழித்து ஒன்றரை அடி தள்ளி வேறு கோடு போட்டாள். இப்போது அலுவலகத்தில் சின்னவளுக்குச் சுவரைத் தள்ளின அம்மா என்று பெயர். போனால் நாற்காலி போடுகிறார்கள். சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்று திங்கட்கிழமை, பதினொன்றரை மணி, அவள் கட்டியிருந்தது நீ அனுப்பிய பச்சைப் புடவை. இதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் உன் அம்மாவுக்கும் ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். வீடு வேண்டுமானால் பத்து வருடம் தொடர்ந்து இந்த வரிசையில் குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். நம் வீட்டுக்காரர் ஜென்மத்தில் ஒரு ரசீது கொடுத்ததில்லை. எல்லோரும் முழித்தார்கள். அப்போது பூட்டுக்காரர்தான் சொன்னார், பெரியவங்களைக் கேளுங்க, யார் வீட்டுல என்னிக்கு விளக்கு எரிஞ்சுதுன்னு சொல்வாங்க என்று. டேப் பொண்ணு என்னைச் சோதித்தாள். பூட்டுக்காரர் எப்போது குடி வந்தார் என்றாள். பெரிய தண்ணீர்த் தொட்டி வெடித்த வாரம், வியாழக்கிழமை, ஒரு பெட்டியும் மூன்று கோழியும் கொண்டுவந்தார், அதில் ஒரு கோழி என் வீட்டுக்குள் புகுந்தது, இன்றுவரை அதற்கு ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை என்றேன். அலுவலகத்தில் தொட்டி வெடித்த தேதி எழுதி வைத்திருந்தார்கள். சரியாக இருந்தது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள், கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். பாட்டிம்மா, நீங்கதான் எங்க ரிஜிஸ்டர் என்கிறாள். இதுவரை நாற்பத்தொரு குடும்பம். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போனார்களா என்று ஒரு கேள்வி உண்டு. போயிருந்தால் கணக்கு அறுந்துவிடும். வேலை, வைத்தியம், பிரசவம் பார்க்கப் போனது என்றால் மட்டும் பரவாயில்லை. தச்சர் இரண்டு வருடம் வெளியூரில் இருந்தாரே, நான் அதை மறைக்கவில்லை. வேலைக்குப் போனார், பெண்டாட்டி பிள்ளை இங்கேயே இருந்தார்கள் என்று விவரமாகச் சொல்லி எழுதவைத்தேன். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டார்.

நாளைக்குச் சின்னவளுடைய முறை. வயதுப் பட்டியலில் அவள் பன்னிரண்டாவது, நான் பதின்மூன்றாவது. கவனித்தாயா? முறையில்தான் அவள் உன் சித்தி, உன் அப்பாவின் தம்பி பெண்டாட்டி. வயதில் என்னைவிட ஒன்றரை வருடம் மூத்தவள். முப்பத்தாறு வருடமாக அக்கா அக்கா என்று கூப்பிட்டு இளையவளாகவே காலத்தை ஓட்டிவிட்டாள். கீழ்வீடு என்றதும் பிறந்த தேதி ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்குக் கீழே, எனக்கு மூன்றாம் மாடி. அத்தாட்சிக்கு யாரைச் சொல்லியிருக்கே என்று யாரோ கேட்டதற்கு, எனக்கென்ன கவலை, அக்கா இருக்காங்க என்றாளாம். எவ்வளவு நிச்சயம் பார்.

பிள்ளைகள் இருவருக்கும் என் அன்பைச் சொல். அவர்கள் பாட்டி என்றால் யாரை நினைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்.

உன் அம்மா


இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. எனக்குக் கீழ்வீடு கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் எண். ஜன்னலைத் திறந்தால் முற்றம், படி ஏற வேண்டியதே இல்லை. சந்தோஷப்படு.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது உன் சித்தி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ என்னிடம் பேசாமல் வைத்திருப்பாய். அதனால் நானே எழுதுகிறேன். பட்டியலில் அவள் பெயர் இல்லை. மாடியிலும் இல்லை. தள்ளுபடியானவர்கள் என்று தனியாக ஒரு தாள், அதில் அவள் பெயருக்கு நேராக, இடையில் பதினான்கு மாதம் வசிக்கவில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். நடுவில் வெளியே போனாரா என்று டேப் பொண்ணு கேட்டாள். ஆமாம், ஒன்பது வருடத்துக்கு முன்னால், பதினான்கு மாதம் எட்டு நாள் என்றேன். எங்கே போனார் என்றாள். வெளியூர் என்றேன். எதுக்குப் பாட்டிம்மா என்றாள். அதை அவங்களைத்தான் கேக்கணும், அது அவங்க விஷயம் என்றேன். இதில் எது பொய்? ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரியும். பக்கத்து அறை பூட்டியிருந்த ஒவ்வொரு நாளையும் நான் எண்ணினேன்.

அவள் உன்னிடம்தான் வந்திருந்தாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டாம் மாதமே இரண்டு பிள்ளையும் பிறந்து, இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள், நீயும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாய். நீ உடனே வரச் சொன்னாய். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தையல்காரரிடம் இருநூறு சீருடைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைக்க ஒப்புக்கொண்டிருந்தேன், வர முடியவில்லை. இது உனக்குத் தெரிந்ததுதான். உடனே நீ அவளைக் கூப்பிட்டாய். அவள் மறுநாள் காலை பஸ்ஸில் இருந்தாள். போகும்போது என் வாசலில் நின்று, அக்கா, என்ன சொல்லணும் புள்ளைகிட்ட என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவள்தான். குழந்தைகள் முதலில் சிரித்தது அவளைப் பார்த்து. முதல் பல் அவள் விரலில். திரும்பி வந்து, அக்கா பெரியவன் இப்படித் தவழுவான், சின்னவன் உருண்டுதான் வருவான் என்று என் வீட்டுத் தரையில் உருண்டு காட்டினாள். என் பேரப்பிள்ளைகள் எப்படித் தவழ்ந்தார்கள் என்று எனக்கு அவள் நடித்துக் காட்ட வேண்டும்! அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

உன் கல்யாணமும் அப்படித்தான். எனக்குத் தெரிவதற்கு இருபது நாள் முன்னாலேயே அவளுக்குத் தெரியும். பெட்டியில் அவள் பதுக்கி வைத்திருந்த உன் கடிதத்தை நானே பார்த்தேன். அம்மா கத்துவாங்க, நீங்க பக்குவமா சொல்லுங்க சித்தி என்று எழுதியிருந்தாய். பதினேழு வருடமாகிறது. அதில் ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை.

ஒரு வீடாவது எனக்கு என்று இருக்கட்டும். அவளுக்கு அப்பீல் செய்ய வழி இருக்கிறது, வாயும் இருக்கிறது. சுவரையே தள்ளினவள்.

உன் அம்மா


முப்பதாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள மகளே, இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, உட்கார்ந்து படி.

அவள் அப்பீல் செய்யவில்லை. என்னிடம் சண்டைக்கும் வரவில்லை. இந்த வரிசையில் நாளைச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? வருவாள் வருவாள் என்று ஒரு வாரம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எத்தனை நல்ல பதில்கள். ஒன்றும் பயன்படவில்லை. வழக்கம்போல் காலையில், அக்கா தண்ணி வந்துடுச்சு என்று சுவரைத் தட்டுகிறாள். நேற்றுப் பார்க்கிறேன், பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்குகிறாள். எங்கே போகப் போறே என்று கேட்டதற்கு, அண்ணன் மகன் வீட்டு வராந்தாவை அடைச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கான் அக்கா, எனக்கு அது போதும் என்றாள். அந்த அண்ணன் மகன் பெண்டாட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்னால் இவள் போனபோது தட்டைத் தனியாக வைத்தவள்.

பொறுக்க முடியாமல் இன்று காலை நானே அலுவலகத்துக்குப் போனேன். டேப் பொண்ணு தனியாகத்தான் இருந்தாள். சின்னவளிடம் வெளியூர் போன காரணத்தைக் கேட்டாயா என்றேன். கேட்டேன் பாட்டிம்மா, ரெண்டு தடவை கேட்டேன், பிரசவமா, ஆஸ்பத்திரியா, ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரைச் சேர்த்துடறேன்னு கெஞ்சினேன், சும்மா ஊர் சுத்திப் பார்க்கப் போயிருந்தேம்மான்னு சிரிக்கிறாங்க என்றாள். பதினாலு மாசம் எந்த ஊரைச் சுத்தினாங்க பாட்டிம்மா என்று என்னையே கேட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால், பெற்றவள் பக்கத்து அறையில் இருக்கும்போது நீங்க ஏன் போனீங்க என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான். திரும்பி வந்தபோதும் வரிசையில் எல்லோரிடமும், அக்காதான் என்னை அனுப்பிவெச்சாங்க என்று சொன்னவள் அவள். ஒன்பது வருடமாக இந்த வரிசை என்னை நல்ல தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதே, அது அவள் போட்ட பிச்சை. வீட்டை விட்டாலும் விடுவேன், அதை விடமாட்டேன் என்கிறாள். இதிலும் அவளே ஜெயிக்க வேண்டுமா? என் அவமானத்தைக்கூட அவள்தான் பொத்திக் காக்க வேண்டுமா? சொல்.

உடனே டேப் பொண்ணிடம் சொல்லிவிட்டேன். பிரசவத்துக்குத்தான் போனாள், என் மகளுக்கு, எழுதிக்கொள் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கையெழுத்துப் போட்ட சாட்சியே வந்து மாத்திச் சொன்னா, நீங்க சொன்ன அத்தனை குடும்பத்தையும் மறுபடி தோண்டுவாங்க பாட்டிம்மா, தச்சருக்கு, பூட்டுக்காரருக்கு எல்லாம் சிக்கல் வரும் என்றாள். இன்னொரு வழி இருக்கிறதாம். யார் வீட்டில் போய் இருந்தாரோ அந்த வீட்டுக்காரர் காரணத்தை எழுதி, ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலோடு நேராக அலுவலகத்துக்கு அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களாம். வரும் பதினெட்டாம் தேதி கடைசி. விலாசம் இதற்குள் தனியாக வைத்திருக்கிறேன், அவளே எழுதிக் கொடுத்தாள். அவங்க பேரைச் சேர்த்தா உங்க கீழ்வீடு போயிடும், தெரியும்தானே என்றும் கேட்டாள். எனக்கு எண்ணத் தெரியாதா, பன்னிரண்டுக்கு அடுத்தது பதின்மூன்று என்றேன்.

மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு படி. வரைபடத்தில் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கினால் போதும். மேலே காற்று வரும் என்கிறார்கள். அவள் வாசலில் யார் வருகிறார், யார் போகிறார் என்று அங்கிருந்து நன்றாகத் தெரியும். அது எனக்கு வேண்டியிருக்கிறது. அடுத்த பெண்பிள்ளை யாராவது அவளைக் கூப்பிட்டு, அவள் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எனக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே நீ எழுது. இன்றைக்கே எழுது. தேதிகள் உனக்கு நினைவில்லை என்றால் நான் தருகிறேன். அவள் வந்து இறங்கியது ஜூன் ஒன்பதாம் தேதி காலை, திரும்பியது மறு வருடம் ஆகஸ்ட் பதினேழு. நான் கேட்டு எழுதுகிறாய் என்று எங்கும் குறிப்பிடாதே. உன் சித்தியிடமும் மூச்சு விடாதே. அவள் எனக்கு நன்றி சொல்லி நான் கேட்க வேண்டிய தலையெழுத்து வேண்டாம்.

இன்னொன்று. அன்றைக்கு இருநூறு சீருடை இருக்கவில்லை. நாற்பதுதான் இருந்தது. தையல்காரர், போயிட்டு வாங்கம்மா, புள்ளையைவிட இது பெரிசா என்று துணியை என் மடியிலிருந்து எடுத்தார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டு அன்று முழுவதும் பொத்தான் தைத்தேன். நீ அவளை முதலில் கூப்பிட்டுவிட்டு அவள் சொன்ன பிறகுதான் என்னைக் கூப்பிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை, என்னைத்தான் முதலில் கூப்பிட்டாய் என்று அவள் திரும்பி வந்த பிறகு அவளே சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது உன் பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால் அலுவலகத்துக்கு எழுதுவதை உள்ளபடி எழுது. முதலில் என் அம்மாவைக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை, பிறகு சித்தி வந்தார் என்று எழுது. வரிசையில் தெரிந்தால் தெரியட்டும். ஏன் வரவில்லை என்று எழுத வேண்டாம். அதை அவர்கள் கேட்கமாட்டார்கள். நீயும் இத்தனை வருடத்தில் ஒரு தடவை கேட்கவில்லை.

நீ நன்றாக இரு. உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கட்டும். பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் வாழட்டும். அவர்களைத் தூக்கியது, குளிப்பாட்டியது, நடக்க வைத்தது எல்லாம் அவள். வாழ்த்துவதையாவது நான் செய்துகொள்கிறேன், அதை அவளிடம் கொடுத்துவிடாதே.

உன் அம்மா